திரிசூலம் போட்ட சட்டை: பென்சில்வேனியாவில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து காலை ஆறரைக்கு நானும் மனைவியும் கிளம்பினோம். பின் இருக்கையில் ஒரு ஃபிளாஸ்க் காபி, ஒரு டப்பா எலுமிச்சை சாதம், ஒரு குடை. இந்தப் பயணத்துக்குக் காரணம் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். அவர் குடும்பம் உக்ரைனிலிருந்து தாத்தா காலத்தில் வந்தது. போன வருடம் மதியச் சாப்பாட்டின்போது கால்பந்து பற்றிப் பேச்சு வந்தது. ஃபிலடெல்ஃபியாவில் எங்கள் ஆட்களின் கிளப் ஒன்று அமெரிக்காவின் தேசியக் கோப்பையை நான்கு முறை ஜெயித்திருக்கிறது தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கால்பந்து என்றால் உயிரை விடுகிறவன், இந்த நாட்டில் இத்தனை வருடமாக இருக்கிறேன், கேள்விப்பட்டதே இல்லை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நான்கு நாள் லீவு போட்டுவிட்டு நேரில் பார்க்கக் கிளம்பியாயிற்று.

நேராக ஃபிலடெல்ஃபியா போகாமல் முதலில் மேற்கே, நிலக்கரி மலைகளுக்குள் வந்தோம். கதை தொடங்குவது இங்கேதான். 1880களில் கலீசியாவிலிருந்தும் (இன்றைய மேற்கு உக்ரைன் பக்கம்) கார்பாத்திய மலைப்பக்கத்திலிருந்தும் வந்த ஏழை விவசாயிகள் இந்தச் சுரங்கங்களுக்குள்தான் இறங்கினார்கள். அப்போது அவர்கள் தங்களை உக்ரைனியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ருசின் என்றுதான் சொன்னார்கள். ஷெனன்டோவா என்ற சின்ன ஊருக்கு 1884ல் இவான் வொலான்ஸ்கி என்ற பாதிரியார் வந்து சேர்ந்தார், அவர்களுடைய கிரேக்கக் கத்தோலிக்க முறையில் அமெரிக்காவில் எழுந்த முதல் திருச்சபை அங்கேதான். பக்கத்து ஷமோகினில் 1894 பிப்ரவரியில் ஒரு சங்கம் பிறந்தது. சுரங்கத்தில் ஆள் செத்தால் அடக்கச் செலவுக்கும் குடும்பத்துக்கும் ஏதாவது பணம் வேண்டும், கம்பெனி தராது, அதனால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்தார்கள். ருசின் தேசியச் சங்கம் என்று தொடங்கியது 1914ல் உக்ரைனியத் தேசியச் சங்கம் என்று பெயர் மாறியது. விளையாட்டுக் கிளப்பைத் தேடி வந்தவன் சாவு நிதியைப் பற்றி எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். இந்தச் சமூகத்தில் எல்லாமே, பத்திரிகை, பள்ளிக்கூடம், பந்து, எல்லாமே இப்படி ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்ததிலிருந்துதான் வந்தது.

அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் கால்பந்து ஆடவில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. அவர்கள் ஆடியது பேஸ்பால். 1930களில் இந்தச் சங்கமே பேஸ்பால் லீக் நடத்தியிருக்கிறது, கிளைக்கு ஒரு அணி. அப்பா அம்மா பேசும் மொழி வீட்டோடு நின்றுபோகிறது, பிள்ளைகள் அமெரிக்கர்கள் ஆகிவிட்டார்கள், அவர்களைச் சங்கத்துக்குள் பிடித்து வைக்க என்ன செய்வது? 1933ல் ஆங்கிலத்திலேயே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார்கள், அப்புறம் மட்டையும் பந்தும் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிற எங்களுக்கு இந்தக் கவலை நன்றாகப் புரிகிறது.

ஷமோகினிலிருந்து ஷெனன்டோவாவுக்குப் போகும் வழியில் சென்ட்ரேலியா. 1962ல் பூமிக்குள் நிலக்கரியில் பிடித்த தீ இன்னும் அணையவில்லை. கிட்டத்தட்ட ஊரையே காலி பண்ணிவிட்டார்கள், ஒரு சில தவிர வீடுகளை இடித்துவிட்டார்கள். தெருக்கள் இருக்கின்றன. நடைபாதை ஓரம் வீட்டுக்கு ஏறும் நாலு சிமெண்டுப் படி, படி ஏறினால் புல். ஆனால் மேட்டில் ஒரு தேவாலயம், வெள்ளைச் சுவர், நீலக் கும்மட்டங்கள், உக்ரைனியக் கத்தோலிக்கருடையது. அதன் அடியில் பாறை இருக்கிறது என்று தெரிந்ததால் தப்பித்தது. ஊர் போய்விட்டது, கோயில் நிற்கிறது, ஞாயிறுதோறும் சுற்று ஊர்களிலிருந்து வந்து பூசை நடத்துகிறார்கள். வெளியே நின்று பார்த்தோம். புல் அப்போதுதான் வெட்டியிருந்தார்கள், வாசனை வந்தது. மனைவி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் ஷெனன்டோவாவில் பிளீனி சாப்பிட்டோம். உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் சுட்ட அடை, அவ்வளவுதான், ஓரம் மொறுமொறுவென்று இருந்தது. நிலக்கரி ஊர்களில் தேவாலயத் திருவிழா என்றால் இதுதானாம்.

இரண்டாம் நாள், சனி

ஃபிலடெல்ஃபியா. வடக்கு ஃபிராங்க்ளின் தெரு. தூரத்திலிருந்தே தங்கக் கும்மட்டம் தெரிகிறது, உக்ரைனியக் கத்தோலிக்கப் பேராலயம். 1966ல் கட்டி முடித்தது, கும்மட்டத்தின் மேல் தங்கம் ஏற்றிய வெனிஸ் கண்ணாடிச் சில்லுகள். 1979ல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்திருக்கிறார். அதே தெருவில் சில அடி தள்ளி 1909ல் தொடங்கிய உக்ரைனிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கத்தின் கட்டடம், ஊரில் எல்லோரும் யூக்கி கிளப் என்கிறார்கள். கீழே மதுக்கூடம், மேலே கூடம். கல்யாணம், கூட்டம், நடனம், எல்லாம் இங்கேதான். கோயிலும் மன்றமும் ஒரே தெருவில் இருந்தால் ஒரு சமூகம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தத் தெருவுக்கு 1948க்குப் பிறகு வேறொரு கூட்டம் வந்தது. போரில் வீடு இழந்தவர்கள், ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு இழுத்துப் போகப்பட்டவர்கள், சோவியத் படைக்கு முன்னால் மேற்கே ஓடி வந்தவர்கள். போர் முடிந்து மூன்று, நான்கு வருடம் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அகதி முகாம்களில் கிடந்தார்கள். மியூனிக், ரீகன்ஸ்பர்க், ஆக்ஸ்பர்க் பக்கமெல்லாம் முகாம்கள். முகாம் என்றால் சும்மா வரிசையில் நின்று சூப் வாங்குகிற இடமாக மட்டும் அவர்கள் அதை வைத்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் நடத்தினார்கள், நாடகம் போட்டார்கள், பத்திரிகை அடித்தார்கள், முகாமுக்கு முகாம் கால்பந்து அணி கட்டி ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். 1948ல் ட்ரூமன் கையெழுத்திட்ட அகதிகள் சட்டம் வந்ததும் அந்த அணிகளே கலைந்து கப்பலேறின. சிகாகோவில் இறங்கியவர்கள் 1949ல் லயன்ஸ் அணி கண்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியவர்கள் 1950ல் ட்ரிசூப் கண்டார்கள்.

ட்ரிசூப் என்ற பெயரைக் கேட்டதும் நமக்குத் திரிசூலம் ஞாபகம் வரும். வந்தால் தப்பில்லை, பொருளும் அதுதான். ட்ரி என்றால் மூன்று, சூப் என்றால் பல். பத்தாம் நூற்றாண்டில் கீவ் அரசன் வோலோதிமிரின் காசில் இருந்த குறி, 1918ல் உக்ரைன் குடியரசின் சின்னமானது. சோவியத் ஆட்சியில் அதை வரைந்து வைத்திருந்தாலே சிறை. கீவிலும் லிவிவிலும் ஒரு சுவரில்கூட எழுத முடியாத அந்தச் சின்னத்தைத்தான் இவர்கள் சட்டையில் நெஞ்சுக்கு மேல் தைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் மைதானத்தில் இறங்கினார்கள். பகலில் தொழிற்சாலையில் வேலை, சாயங்காலம் பயிற்சி. நாற்பது வருடம் இப்படிப் போனது. 1992ல் சுதந்திர உக்ரைன் அதைத் தேசியச் சின்னமாக மறுபடி ஏற்றுக்கொண்டபோது இந்தக் கிளப்பின் சட்டையில் அது நைந்து, மாற்றி, மறுபடி தைத்து எத்தனையோ முறை ஆகியிருக்கும்.

சரி, கோப்பைக்கு வருகிறேன். அமெரிக்காவில் கால்பந்துக்கு 1914ல் இருந்து நடக்கிற ஒரு தேசியக் கோப்பை உண்டு, இன்றைக்கு யு.எஸ். ஓபன் கோப்பை என்கிறார்கள். ஃபிலடெல்ஃபியா உக்ரைனியன் நேஷனல்ஸ் என்ற பெயரில் ஆடிய ட்ரிசூப் அணி அதை 1960, 1961, 1963, 1966 என நான்கு முறை வென்றது. 1960 இறுதி ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிக்கர்ஸை 5-3 என்று தோற்கடித்தார்கள். அந்த ஐந்து கோலையும் அடித்தவர் ஒரே ஆள், மைக் நோஹா. ஒரு தேசிய இறுதிப் போட்டியில் தன் அணியின் ஐந்து கோலும் ஒருவரே! வேறு நாடாக இருந்தால் அவருக்குச் சிலை வைத்திருப்பார்கள். இங்கே அடுத்த நாள் பத்திரிகையில் பேஸ்பால்தான் முன்னால் நின்றிருக்கும். இது எனக்கு உண்மையிலேயே ஆறவில்லை.

அந்த வருடங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1961ல் தோற்றது லாஸ் ஏஞ்சலஸ் ஸ்காட்ஸ். 1962ல் கோப்பை நியூயார்க் ஹங்கேரியாவுக்கு. 1963ல் இவர்களிடம் தோற்றது லாஸ் ஏஞ்சலஸ் ஆர்மீனியர்கள். 1964ல் கிக்கர்ஸ் திருப்பி அடித்தது, அது ஜெர்மானியர் கிளப். 1965ல் நியூயார்க் உக்ரைனியர்கள். 1967 முதல் மூன்று வருடம் கிரேக்கர்கள். அமெரிக்கக் கால்பந்தையே புதிதாக வந்தவர்கள்தான் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். லீக்கிலும் அப்படியே, அமெரிக்கன் சாக்கர் லீக்கில் 1960-61 தொடங்கி நான்கு பருவம் தொடர்ந்து இந்த அணிதான் முதலிடம், பிறகு 1968, 1970.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உக்ரைனியர் மட்டும்தான் ஆட வேண்டும் என்று அவர்கள் கதவைச் சாத்தவில்லை. பிரேசிலில் பிறந்த அலெக்ஸ் ஏலி இந்தச் சட்டையோடு ஆடியவர், அமெரிக்கத் தேசிய அணிக்கும் போனவர். சின்னம் நம்முடையதாக இருக்கட்டும், நன்றாக ஆடுகிறவன் யாராக இருந்தாலும் வரட்டும். ஒரு அகதிச் சமூகத்துக்கு அந்தத் துணிச்சல் சாதாரணமாக வராது. நேற்றுதான் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்கள் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது சிஜோவிச் சகோதரர்கள். வால்டர் 1937ல் மேற்கு உக்ரைனின் சம்பிரில் பிறந்தவர், குடும்பத்தோடு ஜெர்மனி வழியாக ஃபிலடெல்ஃபியா வந்தவர், ட்ரிசூபில் ஆடியவர். 1976 முதல் 1980 வரை அமெரிக்கத் தேசிய அணியின் பயிற்சியாளர். பயிற்சியாளர்களுக்கே பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிற முறையை இந்த நாட்டில் ஊன்றியவர்களில் ஒருவர். 1994ல் இறந்தார். அண்ணன் தம்பி இருவருமே அமெரிக்க அணிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், ஜீன் 1973ல் கொஞ்ச காலம். அகதி முகாமிலிருந்து வந்த ஒரே வீட்டிலிருந்து இருவர்.

இன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. பேராலயத்துக்குள் ஒரு கல்யாணம். மணமக்கள் தலைக்கு மேல் கிரீடம் பிடித்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, குடையை அங்கேயே மறந்து, பாதி வழி போய்த் திரும்பி வந்து எடுத்தோம்.

மூன்றாம் நாள், ஞாயிறு

இன்றைக்கு ஹார்ஷம். ஃபிலடெல்ஃபியாவுக்கு வடக்கே அரைமணி, முக்கால் மணி நேரப் பயணம். ட்ரிசூபின் சொந்த இடம், ட்ரிசூபிவ்கா என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். கவுண்டி லைன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மரங்கள், ஒரு மன்றக் கட்டடம், கால்பந்து மைதானங்கள். ஆகஸ்டு கடைசியில் உக்ரைன் சுதந்திர தினத்தையொட்டி இங்கே நாட்டுப்புறக் கலை விழா நடக்கும். நாங்கள் வந்தது செப்டம்பர் கடைசி, மேப்பிள் இலையின் ஓரத்தில் மட்டும் சிவப்பு ஏறியிருந்தது.

இங்கே நிற்கும்போது ஒன்று விளங்கியது. 1970க்குப் பிறகு பெரிய பட்டம் எதுவும் வரவில்லை. பெரிய பணத்தோடு புதிய லீக் வந்துவிட்டது, 1973ல் ஃபிலடெல்ஃபியா ஆட்டம்ஸ் என்ற தொழில்முறை அணி தன் முதல் வருடத்திலேயே சாம்பியன் ஆனது. ஃபிராங்க்ளின் தெருப் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், புறநகருக்கு வீடு மாறினார்கள். சோவியத் எல்லை மூடியிருந்ததால் புதிதாக ஆள் வரவும் இல்லை. அந்தக் காலத்து வெளிநாட்டவர் கிளப்புகள் பல இந்த இடத்தில்தான் காணாமல் போயின. ட்ரிசூப் நின்றது, காரணம் நிலம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புல், வேலி, கட்டடம், கார் நிறுத்த இடம். கோப்பையை அலமாரியில் வைக்கலாம், பிள்ளைகளை அலமாரியில் வைக்க முடியாதே, அவர்களுக்கு ஓட இடம் வேண்டும். உக்ரைனியன் நேஷனல்ஸ் என்ற பெயரில் இன்றும் அணி ஆடுகிறது. உள்ளூர் லீக்தான், ஆனால் அதே சின்னம்.

மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எண்பதைத் தாண்டிய வயது. ஜெர்மனி முகாமில் நடக்கக் கற்றுக்கொண்டவராம். கால்பந்து எப்போதிலிருந்து பார்க்கிறீர்கள் ஐயா என்று கேட்டால், கால்பந்து என்று சொல்லாதே, கோபனி மியாச் என்று சொல் என்றார். உதைத்த பந்து என்று பொருள். அப்புறம் ஒவ்வொன்றாக அடுக்கினார். கைப்பந்துக்கு வித்பிவாங்கா, அடித்துத் திருப்புவது. டென்னிஸுக்குச் சித்கிவ்கா, வலை ஆட்டம். கூடைப்பந்துக்குக் கோஷிகிவ்கா, கோஷிக் என்றால் கூடை. நான் சிரித்துவிட்டேன். எங்கள் மொழியிலும் அதேதான், கூடை, பந்து, கூடைப்பந்து என்று சொல்லிக் காட்டினேன். இரண்டு கையையும் வளைத்துக் கூடை மாதிரி பிடித்து, கூ-டை, கூ-டை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், இவான் போபெர்ஸ்கி. லிவிவில் உடற்பயிற்சி ஆசிரியர், சோகில் என்ற விளையாட்டுச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அந்தச் சங்கம் லிவிவில் தொடங்கியதும் 1894, ஷமோகினில் சாவு நிதி தொடங்கிய அதே வருடம். ஆறு வருடம் கழித்து, 1900ல், கிரிலோ த்ரிலோவ்ஸ்கி சவாலியா என்ற கிராமத்தில் சீச் என்ற இன்னொரு சங்கம் தொடங்கினார். உடற்பயிற்சியும் உண்டு, ஊரில் தீப்பிடித்தால் அணைக்கவும் ஓடுவார்கள். நியூ ஜெர்சியின் நெவார்க்கில் 1924ல் தொடங்கி இன்றும் நடக்கும் சோர்னோமோர்ஸ்கா சீச் கிளப்புக்கும் அந்தப் பெயர்தான். போபெர்ஸ்கி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உக்ரைனிய மொழியில் சொல் வேண்டும் என்று உட்கார்ந்து உருவாக்கினார். ஒரு சிறுவன் தன் சொந்த மொழியில் பந்தைக் கேட்டு ஓட வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார் பாருங்கள். 1920ல் அவரே கனடாவின் வின்னிபெக்குக்கு வந்துவிட்டார். சோவியத் காலத்தில் உக்ரைனில் ஃபுட்போல், வொலேபோல், பாஸ்கெட்போல் என்பவை நிலைத்துவிட்டன. போபெர்ஸ்கியின் சொற்கள் இந்த மாதிரி மைதானங்களில், வெளிநாட்டில், பாட்டன் வாயிலிருந்து பேரன் காதுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1955ல் அமெரிக்கா, கனடா கிளப்புகள் சேர்ந்து அமைத்த விளையாட்டுச் சம்மேளனமும் இந்தச் சொற்களோடுதான் போட்டிகளை நடத்தியது.

இடைவேளையில் எங்கள் பக்கம் ஒரு பையன் பந்தோடு வந்தான், பத்து வயது இருக்கும். 2022க்குப் பிறகு கார்கிவிலிருந்து அம்மாவோடு வந்தவன் என்று பெரியவர் சொன்னார். அவனைக் கூப்பிட்டு, கையில் இருப்பது என்ன என்று உக்ரைனிய மொழியில் கேட்டார். ஃபுட்போல் என்றான் பையன். பெரியவர் தலையை ஆட்டி, கோபனி மியாச் என்றார். பையன் அம்மாவைப் பார்த்தான், அம்மாவுக்கும் அந்த வார்த்தை புதிது. அவள் சிரித்துக்கொண்டே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பையன் பந்தைக் கீழே போட்டு ஒரு உதை விட்டு, அதன் பின்னால் ஓடிக்கொண்டே கோபனி, கோபனி என்று கத்தினான்.

ஆட்டம் 2-2. மன்றத்தில் வரெனிகி சாப்பிட்டோம், உருளைக்கிழங்கு உள்ளே வைத்தது, மேலே வதக்கிய வெங்காயம். கொழுக்கட்டை மடிப்பதைப் போலவே ஓரத்தை விரலால் மடித்து அழுத்தியிருந்தார்கள். என் மனைவி ஒன்றைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரிமாறிய அம்மாவிடம் மாவு பிசைவது வெந்நீரிலா பச்சைத் தண்ணீரிலா என்று கேட்டாள். அதற்கப்புறம் இருபது நிமிடம் நான் தேவைப்படவில்லை.

நான்காம் நாள், திங்கள்

வீடு திரும்பும் வழி. கொஞ்சம் சுற்றி மேப்பிள்வுட் போனோம். அங்கே கொலம்பியா உயர்நிலைப் பள்ளி, ஜீன் சிஜோவிச் அரை நூற்றாண்டளவு கால்பந்தும் வாலிபாலும் சொல்லிக்கொடுத்த இடம். தேசிய அணிக்கே பயிற்சி கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பந்து நிறுத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறார். 2014ல் இறந்தார்.

பள்ளி விட்ட நேரம். வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்து இடது காலால் மட்டும் பந்தைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். கறுப்புப் பிள்ளைகள், வெள்ளைப் பிள்ளைகள், நம் ஊர் முகம் ஒன்று இரண்டு. ஒரு பெண்ணுக்கு மூன்றாவது கூம்பில் பந்து ஓடிப்போயிற்று. திரும்பி முதல் கூம்புக்குப் போனாள். மறுபடி மூன்றாவதில் ஓடிப்போயிற்று. மறுபடி போனாள். ஐந்தாவது தடவை கடைசிக் கூம்பைத் தாண்டியதும் நாங்கள் இரண்டு பேரும் காருக்குள்ளேயே கை தட்டினோம்.